குழாயடியும் குளக்கரையும்



ஊரிலிருந்து யார் பேசினாலும், நலம் விசாரித்த மறுகணம் நாம் கேட்பது, "அங்கே மழை உண்டா? குளம் பெருகிற்றா?" என்பதே. பம்பாயில் மூன்று தலைமுறை வாழ்ந்து, குளத்தைக் கண்ணால் காணாத பேரப்பிள்ளைகளைப் பெற்ற பின்னும் இந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. நகரத்தின் பெயர் 1995-இல் மும்பை என்று மாறிவிட்டது. நம் வீட்டுப் பேச்சில் அது இன்னும் பம்பாய்தான். அதுபோலவே, நம் உள்ளத்தில் ஊர்க்குளமும் இன்னும் நிறைந்தும் வற்றியும் கொண்டிருக்கிறது. ஆனால் இங்கே, நம் வாசலில் வந்து விழும் குழாய்நீர் எங்கே புறப்பட்டது, வாசலைத் தாண்டிய கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? குளத்தைப் பற்றிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கு குழாயைப் பற்றியும் இருந்தால் தாராவியிலும் செம்பூரிலும் எத்தனையோ குழந்தைகள் வயிற்றுப்போக்கினின்றும் காமாலையினின்றும் தப்புவார்கள். அதைப் பற்றியே இன்று பேசுவோம்.

ஒரு காலத்தில் பம்பாயும் குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்த ஊர்தான். தோபி தலாவ், கோவாலியா டாங்க் என்ற பெயர்களை நாம் தினந்தோறும் உச்சரிக்கிறோம். தலாவ் என்றாலும் டாங்க் என்றாலும் குளமே. குளங்கள் தூர்ந்து போயின. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. ஜனங்கள் பெருகி நீர் போதாமற் போனபோது, வடக்கே குன்றுகளுக்கு நடுவில் விஹார் ஏரியைக் கட்டி 1860-இல் முதன்முதலாகக் குழாய்நீர் கொண்டுவந்தார்கள். பிறகு துளசி ஏரி 1879-இல் வந்தது. தான்ஸா 1892-இல் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் வைதர்ணா நதியிலும் பாத்ஸா நதியிலும் அணைகள் எழுந்தன. 2014-இல் நடு வைதர்ணா அணையும் சேர்ந்து, இன்று ஏழு நீர்நிலைகள் இந்நகருக்கு நீர் அளிக்கின்றன. அவற்றுள் தொலைவிலுள்ளவை நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கின்றன. அந்நீரில் பெரும்பகுதி பாண்டுப்பில் வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்து, நகருக்குள் அனுப்பப்படுகிறது. அந்த இடத்தை விட்டுப் புறப்படும்போது அது குடிக்கத் தகுந்த நீர்.

முதல் குழாய்நீரைத் தந்த அந்த விஹார் ஏரியே மித்தி ஆற்றுக்கும் தாய். விஹார் நிரம்பி வழியும் நீரோடு பவாய் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து, சாக்கி நாக்கா, குர்லா வழியாக ஓடி, தாராவியின் விளிம்பைத் தொட்டு மாஹிம் கழியில் கலக்கிறது. இந்திக்காரர் காதில் அந்தப் பெயர் இனிப்பு என்று ஒலிக்கும். மராத்தியில் அதற்கு அணைப்பு என்று பொருள். தாராவிப் பாலத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்பவர்களுக்கு இரண்டு பொருளும் வேடிக்கையாகத் தோன்றும். ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர்தான் அதன் நீளம். ஏரியிலிருந்து குழாய் வழியே வந்த நீர் குடத்தில் விழுகிறது. அதே ஏரியிலிருந்து ஆற்று வழியே வந்த நீர் சாக்கடையாகக் கழியில் விழுகிறது. நம்முடைய சந்து இவ்விரண்டுக்கும் இடையே இருக்கிறது. இவ்விரண்டும் நம் சந்திலேயே ஒன்று கலந்துவிடுவதுதான் ஆபத்து.

எப்படிக் கலக்கின்றன என்று பார்ப்போம். பம்பாயில் பெரும்பாலான பகுதிகளுக்கு ஒரு நாளில் சில மணி நேரமே நீர் விடப்படுகிறது; மற்ற வேளைகளில் குழாய் காலியாகக் கிடக்கிறது. நெருக்கமான சந்துகளில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே தடத்தில் போகின்றன. பல இடங்களில் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்திருக்கிறது. இரும்புக் குழாய் துருப்பிடித்து எங்கோ ஊசித்துளை அளவு ஓட்டை விழுகிறது. நீர் அழுத்தத்தோடு ஓடும்வரை அந்த ஓட்டை வழியாக நல்ல நீர் வெளியே கசியும். அதனால் நீர் வீணாகுமே தவிர நோய் வராது. நீர் நிறுத்தப்பட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். குழாய்க்குள் அழுத்தம் இறங்குகிறது. வெளியே தேங்கிய சாக்கடை அதே ஓட்டை வழியாக உள்ளே புகுகிறது. மறுநாள் காலையில் நீர் விடும்போது முதலில் வருவது இந்தக் கலவைதான். நீர் குறைவாக வருகிறதே என்று ஒருவர் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், அவர் வீட்டுத் தொட்டி சீக்கிரம் நிரம்பும்; சந்து முழுவதற்கும் சாக்கடையை இழுத்துவிடுவதும் அந்த மோட்டாரே.

நூறு கிலோமீட்டர் பத்திரமாக வந்த நீர் கடைசி நூறு அடியில் கெடுகிறது என்று நாம் சொல்வது இதனால்தான். ஏரிகளையும் அணைகளையும் மாநகராட்சி காக்கிறது. அந்தக் கடைசி நூறு அடியில் கண்வைத்திருக்க வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். குழாய் எங்கே வளைகிறது, எங்கே துருவேறியிருக்கிறது, எந்த வீட்டு இணைப்பில் கோணித்துணி சுற்றியிருக்கிறது என்பதெல்லாம் பொறியாளரின் வரைபடத்தில் இருப்பதில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு அவை யாவும் தெரியும்.

ஆனால் சுகாதாரப் பிரசாரம் என்று வரும்போது, அந்தப் பெண்களையே எதிரில் உட்காரவைத்து, "தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாம் சொல்லுகிறோம். சுவரெல்லாம் படம் ஒட்டுகிறோம். சில வேளைகளில் நீர் வரும் நேரத்திலேயே கூட்டம் வைத்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று வருந்துகிறோம். இந்த முறையில் நமக்கு நம்பிக்கை இல்லை. நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வாயால் சொல்லி நம்பவைப்பது அரிது. ஆகவே முதலில் அதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. மலக்கழிவு கலந்த நீரைக் கண்டறிய இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1982-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சிறிய கண்ணாடிப் புட்டியில் மருந்தூட்டி உலர்த்திய காகிதத்துண்டு ஒன்று இருக்கும். அதில் குறியிட்ட அளவுக்கு நீரை நிரப்பி, மூடி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். நீரில் மலக்கழிவின் கிருமிகள் இருந்தால் அவை வெளியிடும் வாயு காகிதத்திலுள்ள இரும்புச்சத்தோடு சேர்ந்து நீர் மைபோலக் கறுத்துவிடும். இல்லையேல் நிறம் மாறாது. இது முடிந்த முடிவன்று, எச்சரிக்கை மட்டுமே. உறுதி செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும். எனினும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கறுப்பு நிறம் புரியும். குளோரினைப் பார்ப்பதற்கும் இதுபோல் ஒரு வழி இருக்கிறது. குழாய்நீரில் சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் மிச்சமிருக்கும் நீர் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. மஞ்சள் தெரியவில்லையானால், வழியில் ஏதோ அழுக்கு சேர்ந்து குளோரினைத் தின்றுவிட்டது என்று ஊகிக்கலாம்.

ஒரே சந்தில் மூன்று இடங்களில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்: சந்தின் தலைப்பிலுள்ள குழாயில், கடைசிக் குழாயில், பிறகு ஒரு வீட்டு அண்டாவில். தலைப்பில் நல்ல நீரும் கடைசியில் கறுத்த நீரும் கிடைத்தால் ஓட்டை இடையில் இருக்கிறது, தேடிப் பிடிக்கலாம். இரண்டு குழாயும் நன்றாயிருந்து அண்டாநீர் மட்டும் கறுத்தால், குற்றம் நம் கையில், கையிலுள்ள சொம்பில். குழாயில் நன்றாயிருந்த நீர் வீட்டுப் பாத்திரத்தில் கெட்டுப்போவதைப் பல நாட்டு ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. மூடியில்லாத அண்டாவில் விரல் படக் கோரும் சொம்புதான் அதற்குக் காரணம். நீண்ட கைப்பிடியுள்ள அகப்பை ஒன்றும் மூடி ஒன்றும் போதும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்த நம் முன்னோரின் அறிவு பாராட்டத்தக்கதே. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூயநீர் ஆகிவிடாது; தேற்றாங்கொட்டை கலங்கலை அடியில் இறக்கும், கிருமியை அழிக்காது. தெளியவைத்த பிறகு கொதிக்க வைக்கவே வேண்டும். விறகோ எரிவாயுவோ அதற்கு வழியில்லாத வீட்டில் குளோரின் மாத்திரையைச் சொன்ன அளவில் போட்டு அரைமணி நேரம் வைத்திருப்பது நல்லது. காலையில் முதலில் வரும் நீரை, நாற்றமும் நிறமும் போகும்வரை, தனியே பிடித்துத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

இடத்தை வைத்து நோயைத் தேடும் இந்த யுக்தி புதியதன்று. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று யார் எந்தக் குழாயில் நீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். ஒரு தெருக்குழாயைச் சுற்றியே சாவுகள் குவிந்திருப்பதைக் கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். கிருமி என்பதையே உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது. அவர் வீடுதோறும் போய்க் கேட்ட கேள்விகளை நம் சந்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்க முடியும். தாராவியில் தமிழிலேயே பாடம் நடத்தும் மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன. மாட்டுங்காவில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம் முதலாகக் கல்விக்கு நாம் கண்ட நிறுவனங்கள் பல. விஞ்ஞானம் படித்த மாட்டுங்காப் பிள்ளைகளும் சந்தை அறிந்த தாராவிப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து இந்தப் புட்டிகளோடு நடந்தால், அதைவிடச் சிறந்த தமிழ்ச்சங்கக் கூட்டம் வேறில்லை என்பது நம் அபிப்பிராயம்.

இனி மண்ணுக்கு வருவோம். நீரைப் பற்றிப் பேசும்போது மண் ஏன் வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். குளத்தங்கரையில் பிறந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றே. திருநெல்வேலியில் குளம் என்பார்கள், இராமநாதபுரத்தில் கண்மாய் என்பார்கள், வடமாவட்டங்களில் ஏரி என்பார்கள்; எங்கும் கோடையில் நடந்த வேலை ஒன்றுதான். வற்றிய குளத்தின் அடியிலிருந்து கரம்பை மண்ணை வெட்டி வண்டியேற்றி வயலில் கொட்டுவார்கள். மழைக்காலத்தில் மேட்டு நிலத்திலிருந்து அரித்து வந்த வளமான மண் அது. குளத்தில் வண்டலாகத் தங்கியிருந்து மீண்டும் வயலுக்கே போயிற்று. அதனால் குளமும் ஆழமாயிற்று, வயலும் உரம் பெற்றது. மடையைத் திறக்க மடைக்காரர், வாய்க்காலைப் பங்கிட நீர்க்கட்டி, கரையைச் செப்பனிட வீட்டுக்கு ஓர் ஆள் என்று குடிமராமத்து நடந்தது. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரிக்கென்றே ஒரு வாரியம், குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டதாக, காணப்படுகிறது. அந்த ஏற்பாட்டில் சாதியின் கொடுமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கரையில் உழைத்த பலருக்கு அந்த நீரைத் தொடவும் உரிமை இருக்கவில்லை. தாராவிக்கு ரயிலேறியவர்களில் பலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. ஆகவே பழையதை அப்படியே திருப்பிக் கொண்டுவர நாம் விரும்பவில்லை. பொது நீருக்குப் பொதுப் பொறுப்பாளி ஒருவர் பெயர் சொல்லி இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சந்துக்கு ஒரு நீர்க்கட்டி வேண்டும்.

கரம்பைக்கும் மித்தி ஆற்றின் வண்டலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன்பு மித்தியில் தூர்வாருகிறார்கள். கருப்பாய், எண்ணெய்ப் பசையாய், பிளாஸ்டிக்கும் கந்தலும் கலந்த சேறு வருகிறது. அதை எந்த வயலில் கொட்ட முடியும்? ஊரில் குளத்துச் சேறு விளைச்சலாயிற்று. இங்கே ஆற்றுச் சேற்றை ஊருக்கு வெளியே குப்பையாகவே கொட்ட வேண்டியிருக்கிறது.

தாராவிக் குடிசைகளே ஆற்றைக் கெடுத்தன என்று கூறும் வழக்கம் ஒன்று உண்டு. அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. தாராவி அந்த ஆற்றின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அதற்கு வெகு மேலேயே வீடுகளின் கழிவுநீரும், பட்டறைகளின் எண்ணெயும், பழைய பீப்பாய்களைக் கழுவிய நீரும் கலந்துவிடுகின்றன. விமான நிலையத்தின் ஓடுபாதைக்காக ஆறு வளைத்துத் திருப்பப்பட்டது. பாந்திரா–குர்லா வட்டாரத்தில் சதுப்பு நிலத்தை மேடாக்கிப் பெரிய கட்டடங்கள் எழுந்தன. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. திருநெல்வேலிச் சமவெளியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை விட அது அதிகம். குறுகிப்போன மித்தியில் அந்த வெள்ளம் எப்படி அடங்கும்? கரையோரமெல்லாம் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு, எலிகளின் சிறுநீர் கலந்த நீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்து மேலும் பலர் மாண்டனர். அதன்பிறகே மாதவ் சித்தலே தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. மித்திக்கென்று தனி அதிகார அமைப்பும் தோன்றியது. அலையாத்திக் காடுகளை அழிக்கலாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் அந்த ஆண்டே. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நாம் கண்ட அதே மரங்கள்தாம் மாஹிம் கழியிலும் நின்று சேற்றைப் பிடித்துக் கரையைக் காக்கின்றன.

எனினும் நம் தொழில்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். தாராவியில் முதல் தோல் பதனிடும் சாலை 1887-இல் ஏற்பட்டது என்பர். அதில் உழைக்க வந்தவர்கள் திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடுவார்கள். அந்த உப்பைக் கழுவிய நீர் முதலில் வெளியேறும். பிறகு சுண்ணாம்பு நீர், பிறகு பதனிடும் நீர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்தில் கழிவு அவ்வளவு கொடிதாயில்லை. குரோமியம் வந்த பிறகு கழிவு நஞ்சாயிற்று. தேவனாரில் 1971-இல் புதிய ஆட்டிறைச்சிக் கூடம் திறந்தபின், மாசுக் கட்டுப்பாடுகளும் இறுக, பதனிடும் தொழில் தாராவியை விட்டுப் படிப்படியாக நீங்கிற்று. இன்று பதனிட்ட தோல் வெளியூரிலிருந்து வந்து இங்கே பையாகவும் பெல்ட்டாகவும் ஆகிறது. நாற்றம் நீங்கியது என்று நாம் மூச்சுவிட்டோம். அந்த நாற்றம் வேறு ஊரில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தில் பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பேறிப் போயின. தென்னை காய்த்த தோப்புகளில் பயிர் நிற்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நொய்யலிலும் இதே கதை நடந்தது. திருப்பூர்ச் சாயநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீர் பாசனத்துக்கு ஆகாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டது. ஆற்று நீர் பின்பு தெளியலாம். உப்பேறிய மண் ஒரு தலைமுறையில் திரும்புவது அரிது. கெட்ட நீர் போகும் இடமெல்லாம் மண்ணும் கெடுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செம்பூரில் உள்ள நேயர்களுக்கு மண் இன்னொரு முகத்தைக் காட்டியிருக்கிறது. அங்கே குன்றுச் சரிவுகளில் வீடுகள் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன. 2021 ஜூலை 18-ஆம் நாள் விடியுமுன் பெய்த பெருமழையில், வாஷி நாக்கா பாரத் நகரில் சுவர் இடிந்து வீடுகளின்மேல் விழுந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு இருபத்தோராண்டு முன்பு, 2000 ஜூலையில் காட்கோபரில் குன்று சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். சரிவில் உள்ள மண் நீரைக் குடிக்கக் குடிக்கக் கனக்கிறது. வேர் இல்லாத மண்ணைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அடியை வெட்டி ஓர் அறை கூட்டினால் தாங்கும் இடமும் போய்விடுகிறது. மேலே வடிகால் குப்பையால் அடைபட்டால், ஓட வேண்டிய நீர் சுவருக்குப் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளுகிறது. ஆகவே சரிவின் உச்சியிலுள்ள ஒரு நாலாவைச் சுத்தம் செய்வது கீழேயுள்ள நாற்பது வீட்டுக்கு உயிர்க்காப்பு.

இங்கே வெட்டிவேரைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் பானையில் போட்டு மணமூட்டிய அந்தப் புல்லை, 1980-களில் உலக வங்கியின் விவசாய நிபுணர்கள் இந்தியாவில் கண்டு, மண்ணரிப்பைத் தடுக்கும் வேலியாக உலகெங்கும் பரப்பினார்கள். தமிழ்ப் பெயரோடேயே அது பல நாடுகளுக்குப் போயிற்று; ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதன் பெயர் வெட்டிவேர்தான். நெருக்கமாக வரிசையாய் நட்டால், வேர் மூன்று மீட்டர் ஆழம்வரை நேராக இறங்கி மண்ணைத் தைத்துவிடும். மேலே இலைகள் சீப்புபோல நின்று மண்ணை வடித்து நீரை மட்டும் விடும். செம்பூர்ச் சரிவில் வெறும் மண்ணாய்க் கிடக்கும் இடங்களில் இதை நடலாம். ஆனால் விரிசல் விட்ட தடுப்புச் சுவரைப் புல் காப்பாற்றும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். விரிசலை வார்டு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் அந்த வீட்டில் படுக்கக் கூடாது.

கெட்ட மண்ணைத் திருத்த முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பாந்திரா–சயான் இணைப்புச் சாலையில், தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே, மித்திக் கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. முப்பத்தேழு ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் முன்பு நகரத்தின் குப்பைமேடு. குப்பையின்மேல் மண் பரப்பி, 1983-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் மரக்கன்றை நட்டார். 1994 ஏப்ரல் 22-ஆம் நாள் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அது அடர்ந்த காடு. பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் நிறைந்திருக்கின்றன. மழைநீரைச் சேர்க்கும் குளமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக் காட்டிக் கற்பிப்பதே அதன் முதற்கடமை. ஊர்க்குளத்தைப் பார்த்தறியாத பேரப்பிள்ளைக்குக் காட்ட, தாராவியிலிருந்து சாலையைக் கடக்கும் தூரத்தில் ஒரு குளம் இருக்கிறது. நம்மில் பலர் இன்னும் அங்கே போனதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாப் பொறுப்பையும் ஏழைகளின் தலையில் ஏற்றுவதாக யாரும் எண்ணலாகாது. குழாயே தராமல் குழாயைக் காக்கச் சொல்வது நியாயமாகாது. பின்னால் குடியேறியவர்கள் என்ற காரணத்தால் குடிசைவாசிகளுக்குக் குடிநீரை மறுக்கக் கூடாது, அது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. சாக்கடைக்குள் கிடக்கும் குழாயை மேலே தூக்கி வைப்பதும், துருவேறியதை மாற்றுவதும், மித்தியில் விழும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் மாநகராட்சியின் கடமை. இப்போது தாராவியைப் புதுப்பித்துக் கட்டும் திட்டமும் நடைபெறுகிறது. மாடி வீடு வந்தால் சாக்கடைத் தொல்லை தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். மாடி வீட்டிலும் தரைக்கடியில் தொட்டி உண்டு, மாடியில் தொட்டி உண்டு. கழுவாத தொட்டி காலி அண்டாவைவிட மோசமானது. தொட்டியின் சாவி யாரிடம் என்று குடியேறும் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

மழைக்கு முந்திய மே மாதம் இதைத் தொடங்க ஏற்ற காலம். முதற்சோதனையை மே மாதத்தில் செய்யலாம். இரண்டாவதை மழை கொட்டும் ஜூலையில். மூன்றாவதை மழை ஓய்ந்த அக்டோபரில். புட்டியின் நிறம், குழாய் இருக்குமிடம், நீர் வந்த நேரம், அந்த வாரம் சந்தில் எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, இவை நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். தாராவிக்காரர்களுக்கு ஜி-வடக்கு வார்டு அலுவலகம், மாட்டுங்காவுக்கு எஃப்-வடக்கு, செம்பூருக்கு எம்-மேற்கு. நோட்டின் பிரதியையும் கறுத்த புட்டியையும் அங்கே மேசைமேல் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ரசீது கேளுங்கள். மனுவை மராத்தியில் எழுதிக் கொடுக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.